அச்சச் சொற்களின் கதை

சில திங்களுக்கு முன்னர் என் தமையனாரின் மகன் ஒரு நூலை ஏந்தியவனாய் என் அறைக்குள் நுழைந்தான். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்பவன் அவன். அவன் கையிலிருந்தது, மார்மடியூக் பிக்தால் 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. எழுபத்தெட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தைச் சுட்டிக் காட்டினான்.

“சாச்சா, மறுமையைப் பற்றிய மகத்தான செய்தியை இவர் ‘ஆஃபுல்’ என்கிறாரே! ஆறிப்போன தேநீரையும் சகிக்க முடியாத திரைப்படத்தையும் அல்லவா நாங்கள் அப்படிச் சொல்கிறோம்? இவருக்குச் சொல் தெரியவில்லையா? எனக்குப் பொருள் தெரியவில்லையா?”

“இருவருக்கும் தெரியும், தம்பி. உங்கள் இருவருக்குமிடையே அந்தச் சொல்தான் மாறிவிட்டது” என்றேன். அவ்விடை அவனுக்கு நிறைவளிக்கவில்லை. நிறைவளிக்க வேண்டுமாயின் எழுநூறு ஆண்டுக்கால வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். அன்று அவனிடம் கூறியவற்றை ஒழுங்குபடுத்தி ஈண்டு வாசகர் முன் வைக்கின்றேன்.

உடலில் பிறந்த சொற்கள்

மனிதன் அஞ்சும்போது அவனுடைய நாவுக்கு முன்னரே அவன் உடல் பேசிவிடுகிறது. கால் நடுங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது. ஆங்கிலத்தின் அச்சச் சொற்களுட் பல இந்த உடல்மொழியிலிருந்தே பிறந்தவை. ‘ட்ரெமண்டஸ்’ என்பது நடுங்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழித்தோன்றல். கண்டு நடுங்கத் தக்கது என்பதே அதன் முதற்பொருள். ‘ஹாரிபிள்’, ‘ஹாரிட்’ ஆகிய இரண்டும் மயிர்க்கூச்செறிதலைக் குறிக்கும் வேரிலிருந்து கிளைத்தவை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஹாரிட்’ ஆங்கிலத்துள் நுழைந்தபோது, முள்போல் சிலிர்த்து நிற்பது என்னும் பொருளும் அதனோடு சேர்ந்தே வந்தது. ‘டெரிபிள்’ என்பது அச்சுறுத்துதல் என்னும் வினையினின்று பிரெஞ்சு மொழியின் வழியாக வந்து சேர்ந்தது. ‘ஆமினஸ்’ என்பதன் வேர், உரோமர் பார்த்த நிமித்தத்தைக் குறிப்பது. ‘சினிஸ்டர்’ என்பதற்கு இலத்தீனில் இடப்பக்கம் என்று பொருள். ‘மெனசிங்’ என்பதன் மூலச்சொல்லோ அச்சுறுத்தலையும் குறிக்கும். தலைக்குமேல் துருத்திக்கொண்டு நிற்கும் முனைகளையும் குறிக்கும்.

இவையனைத்தும் தென்திசையிலிருந்து வந்தவை. வடதிசையிலிருந்து வந்த சொல் ஒன்றும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காந்திநேவிய மக்கள் தம்மோடு கொண்டுவந்த மொழியில் அச்சத்தைக் குறித்த ஒரு சிறு சொல், ஆங்கில நாவில் உருண்டு ‘ஆ’ என்றாயிற்று. அச்சமும் பணிவும் ஒன்று கலந்த உணர்வுக்கு அது பெயராய் அமைந்தது. அந்த உணர்வால் நிறைப்பது ‘ஆஃபுல்’. அதனை எழுப்புவது ‘ஆசம்’. முன்னது ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்தது. பின்னது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இளைய உடன்பிறப்பு.

இச்சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக நிற்பவை என்று அகராதியைப் புரட்டுவோர் மயங்கக்கூடும். அவற்றினிடையே நுண்ணிய வேறுபாடுகள் உள. காட்டுவழியே தனித்துச் செல்லும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். ஈரமண்ணில் புலியின் அடிச்சுவட்டைக் காண்கிறான்; பறவைகள் ஒலியடங்கிவிட்டன. அந்த அமைதி ‘ஆமினஸ்’. வரப்போவதை அது அறிவிக்கிறதேயன்றித் தானாக ஒன்றும் செய்வதில்லை. புதருக்குள்ளிருந்து உறுமல் எழுகிறது; அது ‘மெனசிங்’. தீங்கு தலைக்குமேல் வந்துவிட்டது, இன்னும் விழவில்லை. புலி பாய்கிறது, அந்தக் கணம் ‘டெரிபிள்’. அது குதறிப் போட்ட உடலைக் காண்பவனுக்கு அக்காட்சி ‘ஹாரிபிள்’. அச்சத்தோடு அருவருப்பும் அதில் கலந்துவிட்டது. அப்புலியைப் பல்லாண்டு பின்தொடர்ந்து தோற்ற வேட்டைக்காரன் அதனை ‘ஃபார்மிடபிள்’ என்பான். எதிரியின் ஆற்றலை மதித்துச் சொல்லும் சொல் அது. எட்டாத மலைமுகட்டில் மாலை வெயிலில் அது நிமிர்ந்து நிற்கக் கண்டவனோ, பழைய ஆங்கிலத்தில் ‘ஆஃபுல்’ என்று சொல்லித் தலை தாழ்த்துவான். ‘சினிஸ்டர்’ என்னும் சொல் மட்டும் புலிக்குப் பொருந்தாது. புலி இருக்குமிடம் தெரிந்தும் புன்னகையோடு அவ்வழியைக் காட்டியவன் எவனோ, அவனுக்கே அது பொருந்தும்.

ஒரே சொல்லில் இரண்டு உணர்வுகள்

1611-ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளியான ஆங்கில பைபிளில், இறைவனைக் குறித்தே ‘டெரிபிள்’ என்னும் அடைமொழி வழங்கப்பட்டுள்ளது. இன்று அதனைப் படிக்கும் இளைஞன் திடுக்கிடுவான். அன்று படித்தவன் அதில் இழிவு எதனையும் காணவில்லை. அஞ்சத்தக்கவன் எவனோ அவனே வணங்கத்தக்கவன் என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது. 1755-இல் வெளியான தம் பேரகராதியில் சாமுவேல் ஜான்சன் ‘ஆஃபுல்’ என்பதற்கு, பயபக்தியால் உள்ளத்தை நிறைப்பது என்னும் கருத்திலேயே பொருள் எழுதினார். ‘டெரிஃபிக்’ என்பதற்கும் அச்சம் விளைப்பது என்றே அவர் பொருள் கூறினார். மில்டன் 1667-இல் தம் காவியத்தில் அச்சொல்லைப் பாம்பின் தோற்றத்தை வருணிக்கவே பயன்படுத்தியிருந்தார்.

அச்சமும் வியப்பும் ஏன் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன என்று ஆராய்ந்தவர் எட்மண்ட் பர்க். அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்த அவர், 1757-ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்புமுன், விழுமியதும் அழகியதும் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். ‘சப்ளைம்’ என்னும் விழுமிய உணர்வுக்கு அச்சமே ஊற்றுக்கண் என்பது அவர் கொள்கை. இருள், பரப்பு, எல்லையின்மை, பேராற்றல் ஆகியன உள்ளத்தை அச்சுறுத்துவதனாலேயே அதனை உயர்த்துகின்றன என்றார். கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வியப்புக்கும் அச்சத்துக்கும் ஒரே சொல் வழங்குவதை அவர் சான்றாகக் காட்டினார். ஆயினும் ஒரு நிபந்தனை வைத்தார்: ஆபத்து மிக அருகில் வந்துவிடுமானால் அதில் இன்பமும் இல்லை, விழுப்பமும் இல்லை. சற்றுத் தொலைவிலிருந்து காண்பவனுக்கே புயல் ஒரு காட்சியாகும் என்பது இதன் பொருள்.

கர்நாடகத்தின்மேல் கவிந்த மேகம்

இக்கொள்கையை வகுத்தவரே பின்னாளில் நம் மண்ணைப் பற்றிப் பேச நேர்ந்தது. பாரதம் வந்தறியாத பர்க், 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் இலண்டன் காமன்ஸ் சபையில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைக் குறித்து நிகழ்த்திய பேருரை ஆங்கிலச் சொற்பொழிவு வரலாற்றில் புகழ்பெற்றது. நவாப் முகம்மது அலி வாலாஜா, கும்பினி ஊழியர்கள் பலரிடம் பெருந்தொகைகளுக்குக் கடன்பட்டிருந்தார். அவர்களுள் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு. அக்கடன்களை முறையாக விசாரிக்காமலேயே கர்நாடகத்தின் வருவாயிலிருந்து அடைக்க இலண்டன் அரசு உத்தரவிட்டது. குடிமக்களின் வியர்வை கடன்காரரின் பெட்டிக்குப் போவதை எதிர்த்தே பர்க் எழுந்தார்.

அவ்வுரையின் நடுவே ஹைதர் அலியின் 1780-ஆம் ஆண்டுப் படையெடுப்பை அவர் சித்திரித்தார். மலைச்சரிவில் தங்கி நிற்கும் கருமேகமாக ஹைதரின் சினத்தை உருவகித்தார். அந்த மேகம் கவிந்து நிற்கும் நிலையைச் சொல்ல அவர் தேர்ந்த அடைமொழி ‘மெனசிங்’ என்பதாகும். தலைக்குமேல் துருத்தி நிற்பது என்னும் அதன் வேர்ப்பொருளை எண்ணினால், எத்துணைப் பொருத்தமான தேர்வு என்பது விளங்கும். பின்னர் அது வெடித்துச் சமவெளியில் கொட்டியது. ஊர்கள் எரிந்தன. தப்பியவர்கள் கோட்டை நகரங்களுக்கு ஓடி, தீயினின்றும் வாளினின்றும் விலகிப் பஞ்சத்தின் வாயில் விழுந்தனர்.

இதனைப் படிக்கும் நாம் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, பர்க்கின் சினம் ஹைதர்மீது பாயவில்லை என்பது. 1769-இல் ஹைதரோடு உடன்படிக்கை செய்துகொண்ட சென்னை அரசு, மராட்டியர் அவரைத் தாக்கியபோது உதவ மறுத்தது. அத்தகைய நம்பிக்கைத் துரோகமும் பேராசையுமே மேகத்தைத் திரளச் செய்தன என்று அவர் குற்றம் சாட்டினார். மற்றொன்று, அவரே வகுத்த நிபந்தனை. இலண்டன் சபையில் அமர்ந்து கேட்டோருக்கு அப்புயல் விழுமிய காட்சியாக இருந்திருக்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் மடிந்த வீரருக்கும், வயலை விட்டோடிய உழவருக்கும் அது காட்சியன்று. அவர்களுடைய வாழ்வின் முடிவு. பர்க் ஆதரித்துப் பேசிய தீர்மானம் அன்று தோற்றது. கடன் சுமை கர்நாடகத்தின் தோளிலேயே தங்கியது.

பின்னர் 1841-இல் மெக்காலே, வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றிய தம் கட்டுரையில் ஹைதரைக் குறிக்க ‘ஃபார்மிடபிள்’ என்னும் சொல்லைத் தேர்ந்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் சந்தித்த எதிரிகளுள் அச்சொல்லுக்கு மிகவும் உரியவர் அவரே என்பது மெக்காலேயின் கணிப்பு. நம் நாட்டாரைப் புகழ்வதில் தாராளம் காட்டாத அவர், ‘டெரிபிள்’ என்றோ ‘ஹாரிபிள்’ என்றோ எழுதவில்லை. பகைவனின் பேனாவிலிருந்து வந்த மதிப்புரை அது. ஓர் அடைமொழியின் நுட்பத்தை அறியாதவன் வரலாற்றின் ஒரு தீர்ப்பையே தவற விடுவான் என்பதற்கு இது போதும்.

தேய்ந்த நாணயங்கள்

நாணயம் கை மாறக் கை மாறத் தேய்வது போலச் சொல்லும் வாய் மாறத் தேய்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பேய்மாளிகை நாவல்கள் இங்கிலாந்தின் வாசகரை ஆட்கொண்டபோது, அச்சம் ஒரு பொழுதுபோக்கும் ஆயிற்று. இதனை எள்ளி நகையாடிய ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் ஆபி’ என்னும் நாவல் 1817-இன் இறுதியில், ஆசிரியை மறைந்த பின் வெளிவந்தது. அதில் ஓர் இனிய காட்சி உண்டு. நாவல் பித்துக்கொண்ட கேதரின் என்னும் இளம்பெண், இலண்டனிலிருந்து மிகக் கொடிய ஒன்று விரைவில் வெளிவரப் போகிறதென்று ஆவலோடு கூறுகிறாள். உடனிருந்த தோழியோ கலகம் மூளப்போகிறதென்று அஞ்சி நடுங்குகிறாள். அவள் தமையன் குறுக்கிட்டு, வரப்போவது ஒரு புதிய நாவல்தான் என்று விளக்கி இருவரையும் தெளிவிக்கிறான். ஒரே சொற்கள், ஒருத்திக்கு அவை விருந்து, மற்றவளுக்கு அவை இடி. சொற்கள் தேயத் தொடங்கிய காலத்தின் உயிருள்ள சான்று இது.

அதன்பின் தேய்வு விரைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஆஃபுல்’ என்பது மிக மோசமான என்று பொருள்படலாயிற்று. ‘ட்ரெமண்டஸ்’ நடுக்கத்தை இழந்து, மிகப் பெரிய என்னும் அளவில் நின்றது. ‘டெரிஃபிக்’ முதலில் மிகுதியைக் குறித்தது. பேரிரைச்சலையும் பெருவேகத்தையும் அச்சொல்லால் கூறினர். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அது பாராட்டாகவே மாறிவிட்டது. அதே வேரினின்று முளைத்த ‘டெரிபிள்’ மட்டும் இழிபொருளில் தங்கிவிட்டது. ஒரு தாயின் இரு மக்களுள் ஒருவன் அரண்மனைக்கும் மற்றவன் சிறைக்கும் போனாற்போன்ற நிலை இது.

‘ஆஃபுல்’ கைவிட்ட பயபக்தியை ‘ஆசம்’ சிறிது காலம் காத்து வந்தது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர் அதனையும் ‘மிக நன்று’ என்பதற்கு ஈடாக்கினர். இன்று ஒரு புதுச் சட்டையும் ‘ஆசம்’, ஒரு கிண்ணம் பனிக்கூழும் ‘ஆசம்’. இவ்வாறு அச்சம் ஒரு பக்கமும் வியப்பு மறுபக்கமுமாகப் பிரிந்து போயின. மதிப்பில்லாத அச்சத்துக்கும் அச்சமில்லாத வியப்புக்கும் சொற்கள் மலிந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒருங்கே ஏந்தி நின்ற சொற்கள் தேய்ந்துவிட்டன.

இதைக் கூறும்போது ஆங்கிலேயரை மட்டும் நகைத்தல் நேர்மையாகாது. ‘டெரிஃபிக்’ என்பதன் இலத்தீன் மூலம் ‘அச்சத்தைச் செய்வது’ என்று பிரியும். நம் வழக்கிலுள்ள ‘பயங்கரம்’ என்னும் வடசொல்லும் அவ்வாறே பிரியும். நம் இளைஞர், “சாப்பாடு பயங்கரம்!” என்று நெய்ச்சோற்றைப் புகழும்போது, அச்சொல்லும் அதே பாதையில்தான் நடக்கிறது.

மனிதர் உரிமை கொண்டாடிய அச்சம்

சொற்கள் தேய்ந்த அதே காலத்தில், அவை குறித்த ஆற்றலை மனிதர் தம் கைக்குள் கொண்டுவர முயன்றனர். 1793-94-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, அச்சத்தையே ஆட்சிமுறையாக அறிவித்துக் கழுத்து வெட்டும் பொறியை இயக்கியது. அந்த ஆட்சியினரைக் குறிக்கவே ‘டெரரிஸ்ட்’ என்னும் சொல் பிறந்தது. 1795-இல் அதனை ஆங்கில எழுத்தில் வழங்கிய முன்னோடிகளுள் பர்க்கும் ஒருவர். அரியணையில் இருந்தோரைச் சுட்டப் பிறந்த அச்சொல், பின்னாளில் யார்யார்மீது எறியப்பட்டது என்பதை வாசகர் அறிவர்.

1945 ஜூலை 16-ஆம் நாள் விடியற்பொழுதில் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. அதனை நேரிற் கண்ட தளபதி தாமஸ் ஃபாரெல் எழுதிய அறிக்கையில் அழகைக் குறிக்கும் அடைமொழிகளும் அச்சத்தைக் குறிக்கும் அடைமொழிகளும் அருகருகே நிற்கின்றன. எல்லாம் வல்ல இறைவனுக்கே உரியனவாய் இருந்த ஆற்றல்களை அற்ப மனிதர் தீண்டத் துணிந்தது தெய்வ நிந்தனை போல் தோன்றியதாகவும் அவர் குறித்தார். எனினும் மூன்று வாரங்களுக்குள் அக்குண்டு ஹிரோஷிமாவின்மீது வீசப்பட்டது.

1996-இல் அமெரிக்கப் போரியல் அறிஞர் இருவர் ‘ஷாக் அண்ட் ஆ’ என்னும் கோட்பாட்டை வெளியிட்டனர். எதிரியின் உள்ளத்தையே உறையச் செய்து போரை விரைவில் முடிப்பது அதன் நோக்கம். 2003 மார்ச்சில் பாக்தாத் நகரின்மீது குண்டுகள் பொழிந்தபோது அத்தொடர் உலகமெங்கும் ஒலித்தது. கலீஃபா மாமூனின் அறிவாலயம் விளங்கிய நகரம் அது. படைத்தவன் முன் தலை தாழ்த்தும் உணர்வைக் குறிக்க ஆங்கிலம் தூய்மையாகக் காத்துவந்த அச்சிறு சொல், வானூர்தி வீசிய வெடிக்குப் பெயராயிற்று. பர்க்கின் நிபந்தனையே ஈண்டும் நினைவுக்கு வருகிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அமர்ந்திருந்தவருக்கு அது ஒளிக்காட்சி. கூரைக்குக் கீழே குழந்தையை அணைத்துக்கொண்டிருந்த தாய்க்கு அது பேரச்சம் மட்டுமே. அதில் பணிவுக்கோ வியப்புக்கோ இடமில்லை.

பிக்தாலின் தேர்வு

இனி நம் மாணவனின் வினாவுக்கு வருவோம். பிக்தால் 1875-இல் இலண்டனில் பிறந்தவர், பெயர்பெற்ற நாவலாசிரியர், 1917-இல் இஸ்லாத்தை ஏற்றதைப் பகிரங்கமாக அறிவித்தவர். ஹைதராபாத்தில் நிஜாமின் ஆதரவில் பணியாற்றியபோதே தம் மொழிபெயர்ப்பை நிறைவேற்றினார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. ‘ஆஃபுல்’ என்பது தெருவில் எப்பொருளில் வழங்கியது என்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிந்தே அவர் பழைய பொருளை நாடினார்.

அவருக்கு முன்னிருந்த அரபுச் சொல் ‘அளீம்’. மகத்துவம், பேராற்றல், மாண்பு ஆகிய அனைத்தையும் அடக்கி நிற்கும் சொல் அது. நாம் ருகூஉவில் குனிந்து நாள்தோறும் மொழிவதும் அதனையே. அந்நபா அத்தியாயத்தில் செய்திக்கு அடைமொழியாய் அது வருமிடத்தில் பிக்தால் ‘ஆஃபுல்’ என்றார். ஆயத்துல் குர்ஸியின் முடிவில் இறைவனின் திருநாமமாக அது வருமிடத்தில் ‘ட்ரெமண்டஸ்’ என்றார். அதனையடுத்து முன்னிற்கும் திருநாமத்துக்கு ‘சப்ளைம்’ என்னும் சொல்லைத் தந்தார். அறுபத்தெட்டாம் அத்தியாயத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நற்குணத்தைச் சிறப்பிக்குமிடத்திலும் ‘ட்ரெமண்டஸ்’ என்றே எழுதினார். வெறும் பெரியது என்றால் நெஞ்சு அசைவதில்லை. கண்டு நடுங்கிப் பணியத் தக்க பெருமை என்றால் அசைகிறது. அந்த அசைவை ஆங்கிலத்தில் எழுப்பவே, தேய்ந்த நாணயத்தை எடுத்துத் துடைத்து அதன் பழைய முத்திரையைக் காட்ட முயன்றார்.

முயற்சி முழுதும் வென்றதென்று கூறுவதற்கில்லை. அந்நபா வசனத்தில் அப்துல்லா யூசுஃப் அலி 1930-களில் பெரிய என்னும் எளிய சொல்லோடு அமைந்தார். 1955-இல் ஆர்பெரி வல்லமை மிக்க என்னும் பொருளுடைய சொல்லைக் கையாண்டார். அவர்களுடைய சொற்கள் தேயவில்லை. ஆகவே இன்றைய வாசகன் இடறுவதுமில்லை. பிக்தாலின் சொல்லில் அவன் இடறுகிறான். ஆனால் இடறியவன் நின்று கேட்பானாயின், மற்றவர் தராத ஒன்றை அச்சொல் அவனுக்குத் தருகிறது. கேளாமற் போவானாயின், மகத்தான செய்தியை மோசமான செய்தியென்று எண்ணிச் சென்றுவிடுவான்.

ஆகவே பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவேன். பழைய நூலொன்றைப் பயிலும் பிள்ளைக்குச் சொல்லின் பொருளை மட்டும் கேட்கக் கற்பித்தல் போதாது; அச்சொல்லின் வயதையும் கேட்கக் கற்பித்தல் வேண்டும். எந்த நூற்றாண்டில், எவருடைய வாயில், எதனைக் கண்டு அது பிறந்தது என்று வினவத் தெரிந்தவனுக்கு வேதமும் வரலாறும் தம்மைத் திறந்து காட்டும்.

நம் தமிழில் ‘இறையச்சம்’ என்னும் சொல் இன்னும் தேயாமல் இருக்கிறது. ‘தக்வா’ என்பதற்கு ஈடாக நம் பெரியோர் அதனை ஆண்டு வருகின்றனர். புலியைக் கண்டு அஞ்சுபவன் அதனை விட்டு ஓடுகிறான். இறைவனுக்கு அஞ்சுபவன் அவனிடமே ஓடுகிறான். இவ்விரண்டு ஓட்டங்களின் வேறுபாட்டையும் ஒரு சொல் தாங்கி நிற்குமாயின், அதனைச் சில்லறையாக மாற்றிச் செலவிடாமல் காப்பது நம் கடன்.

அனைத்தையும் கேட்டு முடித்த என் தமையனார் மகன் நூலை மூடிவைத்தான். அன்று இரவு உணவின்போது, “குழம்பு பயங்கரம், பெரியம்மா!” என்று தொடங்கியவன், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “மிகவும் நன்றாக இருக்கிறது” என்று திருத்திக்கொண்டான்.